சுகர் பார்டரில் இருக்கிறது என்றார்களா? அடுத்த மூன்று மாதத்துக்கான வழிகாட்டி

ஆபீஸில் எடுத்த ஹெல்த் செக்கப்போ, காய்ச்சலுக்குப் போன இடத்தில் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனையோ, ஏதோ ஒன்றில் சுகர் கொஞ்சம் கூடுதலாக வந்திருக்கும். "பார்டர்ல இருக்கு. மாத்திரை வேண்டாம். நல்லா நடங்க, சாப்பாட்டைக் குறைங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். வெளியே வந்து பஸ் ஏறும்போதுதான் கேள்விகள் வரும். எவ்வளவு நடப்பது? சோற்றை விட்டுவிட வேண்டுமா? திரும்ப எப்போது டெஸ்ட்?

எனக்கு எச்பிஏ1சி என்ற மூன்று மாதச் சுகர் சராசரி 6.1 என்று வந்தபோது இதற்கெல்லாம் ஓர் ஒழுங்கான பதில் கிடைக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் வெந்தயம் என்றார்கள், ஆபீஸில் சிறுதானியம் என்றார்கள், சொந்தக்காரர் ஒருவர் பொடி டப்பாவோடு வந்தார். அப்புறம் இரண்டு டாக்டர்கள், ஓர் உணவு ஆலோசகர் என்று அலைந்துதான் எதை முதலில் செய்ய வேண்டும், எதற்குக் காசு செலவழிக்கலாம் என்பது புரிந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் 13.6 கோடிப் பேர் இந்தப் பார்டர் நிலையில் இருக்கிறார்கள். நீங்கள் அதில் ஒருவர் என்றால், இந்த வரிசையில் போங்கள்.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இதைப் பார்த்துத் தாங்களாகச் சாப்பாட்டை மாற்றக் கூடாது. டாக்டரிடம் கேட்டே செய்ய வேண்டும்.

1. உங்கள் எண் எது என்று பாருங்கள்

ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று வகை எண்கள் இருக்கலாம்.

வெறும் வயிற்றில் எடுத்தது: 100க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை பார்டர். 126ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய். சில டாக்டர்கள் பார்டரை 110இல் இருந்துதான் கணக்கிடுவார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவு அது, குழம்ப வேண்டாம்.

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது: 140 முதல் 199 வரை பார்டர். 200ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி: 5.7க்குக் கீழே சரி. 5.7 முதல் 6.4 வரை பார்டர். 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. முதலாவது, ஒரே ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு கட்டுவது. காய்ச்சலாக இருந்தபோது எடுத்திருந்தாலோ, ஆஸ்துமாவுக்கோ தோல் அலர்ஜிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தாலோ சுகர் ஏறித்தான் காட்டும். உடம்பு சரியானபின் இன்னொரு முறை எடுங்கள். இரண்டாவது, ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தம் குறைவாகத்தான் இருக்கிறது. அதனால் எச்பிஏ1சியோடு ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். அது குறைவாக இருந்தால் எச்பிஏ1சியை மட்டும் நம்பாமல், வெறும் வயிற்று அளவையும் குளுக்கோஸ் குடித்து எடுக்கும் டெஸ்ட்டையும் வைத்துப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள்.

2. டெஸ்ட்: எங்கே, எவ்வளவு, எப்படி

தமிழ்நாட்டில் இருந்தால் முதலில் பக்கத்திலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தொற்றா நோய்ப் பிரிவு என்று தனியாக இருக்கும். 30 வயது தாண்டியவர்களுக்கு பிபியும் சுகரும் அங்கே இலவசமாகப் பார்ப்பார்கள். ஆதார் அட்டையும் கையில் இருக்கும் போன் நம்பரும் போதும். காலையில் சீக்கிரமே போய்விடுவது நல்லது. எச்பிஏ1சி எல்லா இடத்திலும் எடுக்க மாட்டார்கள், தாலுகா ஆஸ்பத்திரியிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ கேட்டுப் பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டில் இருந்து வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். நடக்க முடியாத அப்பா அம்மா வீட்டில் இருந்தால் இதை விசாரித்து வையுங்கள்.

தனியார் லேபில் வெறும் வயிறும் சாப்பிட்டபின்னும் சேர்த்து ஏறக்குறைய 100 முதல் 250 ரூபாய், எச்பிஏ1சி 400 முதல் 700 ரூபாய், கொழுப்பு 400 முதல் 800 ரூபாய் என்று ஊருக்கு ஊர் மாறும். ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் விலையைக் கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்டால் உடனே "பேக்கேஜ் எடுங்க சார், எல்லாம் வந்துடும்" என்பார்கள். என்னிடம் ஓர் இடத்தில் அறுபதுக்கு மேற்பட்ட டெஸ்ட் உள்ள பேக்கேஜை நீட்டினார்கள். இப்போதைக்குத் தேவை நான்கே நான்கு: வெறும் வயிறு, எச்பிஏ1சி, ஹீமோகுளோபின், கொழுப்பு. சிறுநீரகத்துக்கான கிரியாட்டினினும் கல்லீரல் டெஸ்ட்டும் டாக்டர் எழுதினால் எடுங்கள்.

எடுக்கும் முறையில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள்.

வெறும் வயிறு என்றால் குறைந்தது எட்டு மணி நேரம். தண்ணீர் குடிக்கலாம். "சர்க்கரை போடாத காபிதானே" என்று அரை டம்ளர் குடித்துவிட்டுப் போகக் கூடாது. இரவு எட்டரைக்குச் சாப்பிட்டு, காலை ஏழு மணிக்கு லேப் திறந்ததும் முதல் ஆளாகப் போய்விடுங்கள். பத்து மணி வரை பட்டினியாக அலைய வேண்டியிருக்காது.

சாப்பிட்டபின் எடுப்பதற்கு இரண்டு மணி நேரக் கணக்கு முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து. கை கழுவிய நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. தினமும் நான்கு இட்லி சாப்பிடுகிறவர் அன்றைக்கு மட்டும் ஒன்றோடு நிறுத்தினால் அந்த எண் யாருக்கும் உதவாது. வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள். இடைப்பட்ட நேரத்தில் வேக நடையும் வேண்டாம்.

எச்பிஏ1சிக்குப் பட்டினி தேவையில்லை, எந்த நேரத்திலும் கொடுக்கலாம்.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன லாபம் உண்டு. பழைய வரி முறையில் இருந்தால், 80டி என்று எல்லோரும் சொல்லும் கழிவுக்குள் முன்தடுப்புப் பரிசோதனைக்கு வருடத்துக்கு 5,000 ரூபாய் வரை காட்டலாம். இதற்கு மட்டும் ரொக்கமாகக் கொடுத்திருந்தாலும் செல்லும். பெயரும் தேதியும் உள்ள பில்லை வாங்கி வையுங்கள். புதிய முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது.

3. ஒரு ஃபைல் போடுங்கள்

பத்து ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண ஃபைல் போதும். முதல் ரிப்போர்ட், டாக்டர் சீட்டு, ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், அப்பா அம்மா கூடப்பிறந்தவர்கள் யாருக்குச் சுகர் இருக்கிறது என்ற விவரம், எல்லாவற்றையும் அதில் வையுங்கள். லேப் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிடிஎஃப்பை நம்பிவிடாதீர்கள், போன் மாற்றும்போது அது காணாமல் போகும். ஆதாரை வைத்து இலவசமாகவே ஆபா என்ற 14 இலக்க அரசு சுகாதாரக் கணக்கு எண் எடுக்கலாம், அரசு ஆஸ்பத்திரிகளில் பதிவு போடும்போது உதவும். இதற்கு எந்த நெட் சென்டருக்கும் பெரிய தொகை கொடுக்க வேண்டியதில்லை.

ஃபைலின் முதல் தாளில் மூன்று அளவுகளை எழுதுங்கள்: எடை, பிபி, இடுப்புச் சுற்றளவு. இவற்றில் இடுப்பளவுதான் எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது. தையல்காரர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுக்கக் கூடாது. பேண்ட் சைஸ் இதற்கு உதவாது, அது தொப்பைக்குக் கீழே நிற்பது. நம் நாட்டவர்களுக்கு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது எல்லை. பார்க்க ஒல்லியாக இருந்தும் இந்த அளவைத் தாண்டி நிற்பவர்கள் நம்மில் நிறைய. வாரம் ஒரு நாள், ஒரே கிழமை, காலையில் அளந்து எழுதுங்கள். தினமும் எடை பார்க்க வேண்டாம். தண்ணீர் ஏற்ற இறக்கத்துக்கே ஒரு கிலோ மாறும், மனசுதான் கெடும்.

இன்னொன்று, இன்சூரன்ஸ். மருத்துவக் காப்பீடு இன்னும் எடுக்கவில்லை என்றால் இப்போது எடுக்கத் தோன்றும். எடுங்கள், ஆனால் படிவத்தில் இந்த ரிப்போர்ட்டை மறைக்காதீர்கள். "பார்டர்தானே, போட வேண்டாம்" என்று சொல்லும் ஏஜென்டுகள் உண்டு. பின்னால் கிளெய்ம் மறுக்கப்படும்போது அவர் கூட நிற்கப்போவதில்லை. முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024 முதல் அதிகபட்சம் மூன்று வருடம்தான். உண்மையைச் சொல்லி அந்தக் காலத்தைக் கடப்பதே நல்லது.

4. முதல் இரண்டு வாரம்: டம்ளரில் கை வையுங்கள்

சாப்பாட்டுக்குப் போகுமுன் குடிப்பதைச் சரிசெய்யுங்கள். இதற்குச் சமைப்பவரை மாற்ற வேண்டாம், கடைக்குப் போக வேண்டாம், காசு மிச்சம்கூட ஆகும்.

ஒரு டீஸ்பூன் சர்க்கரை சுமார் 5 கிராம். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு மூன்று டம்ளர் என்றால் 30 கிராம். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ, ஒரே ஆள் காபியில் மட்டும் குடித்துவிடுகிறார். வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். இனிப்பே சாப்பிடாமல் நாம் அதைத் தாண்டிவிடுகிறோம்.

ஒரேயடியாக நிறுத்தினால் நான்காம் நாள் திரும்ப ஆரம்பித்துவிடுவோம். இரண்டு ஸ்பூன் என்பதை ஒன்றரை ஆக்குங்கள். நான்கைந்து நாள் கழித்து ஒன்று. அப்புறம் அரை. டிகாக்‌ஷனைக் கொஞ்சம் குறைத்துக் குடித்தால் கசப்பு குறையும், சர்க்கரை இல்லாத குறை தெரியாது. நாக்கு பழகிவிட்டால் பழைய அளவு தித்திப்பாகத் தோன்றும். டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொன்னால் போதாது, ஒவ்வொரு மாஸ்டருக்கும் கம்மி வேறு. "சர்க்கரை இல்லாம" என்று வாங்கி, வேண்டுமென்றால் அரை ஸ்பூன் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் விழும் பொறிகள்:

நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, வெல்லம், தேன். கருப்பட்டிக் காபி ருசிதான், ஆனால் ரத்தத்தில் ஏறும் சுகருக்கு இவை எல்லாம் ஒன்றே. "நாட்டுச் சர்க்கரைதானே" என்று மூன்று ஸ்பூன் போடுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

பழ ஜூஸ். நாலு சாத்துக்குடியை உரித்துச் சாப்பிட யாராலும் முடியாது, ஆனால் பிழிந்தால் ஒரே மடக்கு. பழத்தைப் பழமாகவே சாப்பிடுங்கள். கொய்யா நம் ஊரில் மலிவு, வயிறும் நிறையும்.

மால்ட் பவுடர்கள். சத்து என்று சொல்லி விற்கும் டப்பாவைத் திருப்பி, பின்பக்க அட்டவணையில் "சேர்க்கப்பட்ட சர்க்கரை" என்ற வரியைப் பாருங்கள். 100 கிராமுக்கு எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். கூடவே பொருட்களின் பட்டியலில் எது முதலில் இருக்கிறது என்று பாருங்கள், அதிகமாக இருப்பதுதான் முதலில் வரும். இரண்டாவதாகவே சர்க்கரை வந்தால் கீழே வைத்துவிடுங்கள். முன்பக்கத்து எழுத்துகளைப் படிக்க வேண்டாம்.

டீயோடு பிஸ்கட். சுகர் ஃப்ரீ என்று போட்டிருந்தாலும் உள்ளே மைதா. அதற்குப் பதில் ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ பொட்டுக்கடலையோ பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

5. மூன்றாம் வாரத்திலிருந்து: தட்டு

சோற்றை நிறுத்த வேண்டாம். நிறுத்தியவர்களில் தொடர்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. சோறு எவ்வளவு, அதோடு என்ன, எந்த வரிசையில் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

நம் வீட்டு மதியச் சாப்பாட்டை நினைத்துப் பாருங்கள். தட்டு நிறையச் சோறு, அதில் சாம்பார், ஓரத்தில் இரண்டு ஸ்பூன் உருளைக்கிழங்கு வறுவல். அப்புறம் ரசத்துக்குச் சோறு, மோருக்குச் சோறு. மூன்று தடவை சோறு, ஒரு தடவை காய், அந்தக் காயும் கிழங்கு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது தட்டில் பாதி காய்கறியும் பழமும். நாம் நேர் எதிராக இருக்கிறோம்.

இதை ஒரே நாளில் புரட்டிப் போட முடியாது. நான் செய்தது இது. சமையலறையில் இருக்கும் ஏதாவது ஒரு கிண்ணத்தைச் சோற்றுக் கிண்ணம் என்று வைத்துக்கொண்டேன். முதலில் வழக்கமாகச் சாப்பிடும் சோறு எத்தனை கிண்ணம் என்று அளந்தேன். அடுத்த வாரம் அதில் அரைக் கிண்ணம் குறைத்தேன், அந்த அரைக் கிண்ணத்தின் இடத்தில் பொரியல் ஏறியது. அதற்கடுத்த வாரம் இன்னொரு அரை. பசியோடு எழுந்திருக்கவே இல்லை. பொரியலைச் சாம்பாருக்குத் தொட்டுக்கொள்ளும் அளவில் செய்யாமல், ஆளுக்கு ஒரு கிண்ணம் வரும்படி செய்ய வேண்டும். நாலு பேர் வீட்டுக்குக் கால் கிலோ பீன்ஸ் வாங்கினால் இது நடக்காது, ஒரு கிலோ வாங்க வேண்டும்.

வரிசையும் முக்கியம். உட்கார்ந்ததும் முதலில் பொரியல், கூட்டு, முட்டை, சுண்டல் எது இருக்கிறதோ அதைச் சாப்பிடுங்கள். அது பாதி இறங்கியபின் சோற்றில் கை வையுங்கள். காயும் பருப்பும் முதலில் போனால் சாப்பிட்டபின் சுகர் ஏறும் வேகம் குறைகிறது, இது ஆய்வுகளில் நன்றாகத் தெரிந்த விஷயம். பந்தியில் இலை போட்டதும் காய் கூட்டு எல்லாம் வைத்து, கடைசியில்தானே சோறு வருகிறது. சோறு வரும் வரை காத்திருக்காமல் அதைச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

காலை டிபனில் இட்லி, தோசையை விட வேண்டாம். இரண்டு மூன்று இட்லிக்கு ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், கூட ஓர் அவித்த முட்டையோ முளைகட்டிய பயறோ. தேங்காய்ச் சட்னி மட்டும் தொட்டுக்கொண்டு ஆறு இட்லி என்பதுதான் பிரச்சினை. அடை நல்லது, அதில் பருப்பு அதிகம். பெசரட்டு இன்னும் நல்லது.

சிறுதானியம் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ராகி, கம்பு, தினை, சாமை எல்லாம் நல்ல உணவு. ஆனால் ராகியை நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் சுகர் நன்றாகவே ஏறும். அரிசிச் சோறு இரண்டு கிண்ணத்துக்குப் பதில் சாமைச் சோறு மூன்று கிண்ணம் சாப்பிட்டாலும் அப்படித்தான். சப்பாத்திக்கும் இதே கதை. இரவு "சப்பாத்திதான்" என்று ஐந்து சாப்பிடுகிறவர் எதையும் குறைக்கவில்லை. சிறுதானியம் வாங்கும் காசில் இன்னும் கொஞ்சம் காய் வாங்கலாமா என்று முதலில் பாருங்கள்.

செலவு கூடத்தான் செய்யும், மறைக்கவில்லை. காய்க்கும் பயறுக்கும் முட்டைக்கும் எங்கள் வீட்டில் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஏறியது. பிஸ்கட், மிக்சர், மால்ட் டப்பா, வாரக்கடைசிப் பரோட்டா இவற்றில் பெரும்பகுதி திரும்பி வந்தது. மலிவாகச் செய்ய முருங்கைக்கீரை, சுரைக்காய், பூசணி, முட்டைக்கோஸ், புடலங்காய், வாழைத்தண்டு போதும். புரோக்கோலியும் அவகேடோவும் யாருக்கும் கட்டாயம் இல்லை. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று வாங்கி, அதை வைத்தே ஓட்டப் பாருங்கள். எந்த எண்ணெய் என்பதைவிட எவ்வளவு என்பதுதான் முதல் கேள்வி.

இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடிக்கப் பாருங்கள். வேலை முடிந்து வரவே ஒன்பது ஆகிறவர்கள் ஆறரைக்குச் சுண்டலோ முட்டையோ சாப்பிட்டுவிட்டு, வந்ததும் குறைவாகச் சாப்பிடலாம்.

கடைசியாக இதில் ஒன்று. வீட்டில் சமைப்பது நீங்கள் இல்லை என்றால், சமைப்பவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டி உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்கு மட்டும் தனிச் சமையல் கேட்காதீர்கள். அது அவருக்கு இரட்டை வேலை, சில வாரங்களில் அலுத்துப்போகும். எல்லோருக்கும் ஒரே குழம்பு, ஒரே பொரியல், உங்கள் கிண்ணத்தில் மட்டும் அளவு வேறு. காய் நறுக்கும் வேலை இரண்டு மடங்காகிறது, அதை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

6. நடை

வாரம் 150 நிமிடம். அதாவது ஐந்து நாள், அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம்.

அரை மணி சேர்ந்தாற்போல் கிடைக்காதவர்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடக்கலாம். சுகருக்கு இதுதான் இன்னும் நேரடியான வழி. சாப்பிட்டதில் இருந்து ரத்தத்துக்கு வரும் சர்க்கரையைத் தசை அப்போதே இழுத்துக்கொள்கிறது. மொட்டை மாடி போதும், தெருமுனை வரை போய் வந்தாலும் போதும். இரவில் தெருநாய்த் தொல்லையோ வெளிச்சம் இல்லாத தெருவோ என்றால் வீட்டு வராண்டாவிலேயே நடங்கள். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

ஏப்ரல், மே மாதங்களில் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். ஷூவுக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் ஒதுக்குங்கள், இந்த மூன்று மாதத்தில் தயங்காமல் செய்யக்கூடிய ஒரே பெரிய செலவு இது. மாலையில் போய் வாங்குங்கள், கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில் சரியாக இருக்கும் சைஸ்தான் உண்மையான சைஸ். ஜிம்முக்கு ஒரு வருடப் பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டு அரசு 2023 நவம்பரில் தொடங்கிய நடப்போம் நலம் பெறுவோம் திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அடையாளம் காட்டியிருக்கிறார்கள், உங்கள் ஊரில் எங்கே என்று விசாரியுங்கள்.

நடையோடு வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. சுவரில் கை வைத்துத் தண்டால் போலத் தள்ளுங்கள். முழங்கால் வலி, நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல் இருந்தால் தொடங்குமுன் டாக்டரைப் பாருங்கள்.

7. தூக்கம், பீடி சிகரெட், மது

ஏழு மணி நேரத் தூக்கம் குறைந்தால் மறுநாள் பசி கூடும், இன்சுலின் வேலை செய்வதும் மந்தமாகும். போனை வேறு அறையில் சார்ஜ் போட்டுவிட்டுப் படுங்கள். நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நள்ளிரவில் பிரியாணி ஆர்டர் செய்வதை மட்டும் நிறுத்தினாலே நல்ல தொடக்கம். குறட்டை அதிகமாக இருந்து பகலில் தூங்கி விழுந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். புகையை விட்டே ஆக வேண்டும், இதில் குறைப்பது என்பது போதாது. மதுவை விட முடிந்தால் விடுங்கள்.

8. எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

"பதினைந்து நாளில் சுகர் காணாமல் போகும்" என்ற பொடி, கஷாயம், மாத்திரை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணச் சட்டப்படி, சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம். அப்படி விளம்பரம் வந்தாலே அதை வாங்க வேண்டாம் என்று பொருள். வெந்தயம், பாகற்காய் எல்லாம் சாப்பாட்டில் இருந்துவிட்டுப் போகட்டும், தனியாக விலை கொடுத்துப் பொடி வேண்டாம்.

வீட்டில் சுகர் பார்க்கும் மிஷின் 600 முதல் 1,500 ரூபாய். ஆனால் தொடர் செலவு ஸ்ட்ரிப்பில் இருக்கிறது, ஒன்று 15 முதல் 25 ரூபாய் வரை. பார்டர் நிலையில் இது கட்டாயம் இல்லை. வாங்கினால் ஒரு நல்ல பயன் உண்டு. ஒரே உணவுக்கு முன்னும், இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் உங்கள் உடம்புக்கு எது அதிகம் ஏற்றுகிறது என்று கண்ணால் தெரிந்துவிடும். பொங்கலுக்கு ஒரு நாள், அடைக்கு ஒரு நாள் என்று பார்த்துவிட்டு மிஷினை எடுத்து வைத்துவிடுங்கள். ஸ்ட்ரிப் வாங்கும்போது காலாவதித் தேதியைப் பாருங்கள், டப்பாவைத் திறந்தே வைக்காதீர்கள், கையைச் சோப்பால் கழுவித் துடைத்தபின் குத்துங்கள். மாம்பழம் நறுக்கிய கையோடு குத்தினால் எண் எகிறும்.

9. மூன்று மாதம் முடிந்ததும்

எச்பிஏ1சி இரண்டு மூன்று மாதச் சராசரி என்பதால் அதற்கு முன்னால் எடுப்பது வீண். அதே லேபில், அதே டெஸ்ட்களை எடுங்கள். லேபுக்கு லேப் 0.2, 0.3 வித்தியாசம் வரும், அதைப் பார்த்துச் சந்தோஷமும் பட வேண்டாம், பயமும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது ஃபைலை எடுத்துச் செல்லுங்கள். மூன்று மாத இடுப்பளவு, எடை, பிபி, இரண்டு ரிப்போர்ட்டும் பக்கம் பக்கமாக இருக்கட்டும். கேள்விகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். எண் குறைந்திருந்தால் அடுத்த டெஸ்ட் எப்போது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ என்பார்கள். நின்ற இடத்திலேயே நின்றிருந்தாலும் தளர வேண்டாம். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு பார்டர் நிலையில் இருந்தவர்களை வைத்து நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், உணவையும் நடையையும் மாற்றியவர்களில் சர்க்கரை நோயாக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைவு. மாத்திரை மட்டும் எடுத்தவர்களில் 26.4 சதவீதம் குறைவு. எடை பெரிதாகக் குறையாமலே அவர்களுக்கு இந்தப் பலன் கிடைத்தது. எண் ஏறியிருந்தால், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையைத் தொடங்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். தொடங்கச் சொன்னால் தொடங்குங்கள், சாப்பாடும் நடையும் அதோடு தொடரும். நெட்டில் படித்துவிட்டு மாத்திரையை நீங்களே நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம்.

மூன்று மாதம் முடிவதற்குள்ளேயே அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாமல் எடை இறங்குதல், ஆறாத புண் என்று எது வந்தாலும் காத்திருக்காமல் உடனே போங்கள்.

அண்ணன், தம்பி, அக்கா, தங்கை இருந்தால் அவர்களையும் ஒருமுறை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கோ கூடப்பிறந்தவருக்கோ சுகர் இருந்தால் வாய்ப்பு அதிகம். வெறும் வயிற்று டெஸ்ட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். ஆதாரை எடுத்துக்கொண்டு காலையில் காபி குடிக்காமல் வரச் சொன்னால் போதும்.